லோகோவுக்கா இவ்ளோ சண்டைன்னு கேக்காதீங்க

போன ஞாயித்துக்கிழமை காலைல ஒட்டுக்கடைல உக்காந்து ரொட்டி சானாய் பிச்சுக்கிட்டு இருந்தோம். அக்கா மகன் கைப்பேசிய என் மூஞ்சிக்கு நேரா நீட்டுனான். "மாமா, நியாயமா சொல்லுங்க, இது ஒரு பேரா?"

விஷயம் இதுதான். பாரிஸ்ல டிஸ்னிக்கு ரெண்டு பார்க். ரெண்டாவது பார்க்க 2002ல திறந்தப்ப வால்ட் டிஸ்னி ஸ்டூடியோஸ்னு பேரு வச்சாங்க. அத டிஸ்னி அட்வெஞ்சர் வேர்ல்டுன்னு மாத்துறதா 2024ல அறிவிச்சாங்க. புதுப் பேரும் பிடிக்கல, புது லோகோவும் பிடிக்கல இவனுக்கு. இவன மாதிரி உலகம் பூரா ஆயிரம் பேரு அதையே பேசிக்கிட்டு இருக்கானுங்க போல. ஆஸ்திரேலியாவுல பெர்த் பக்கம் அட்வெஞ்சர் வேர்ல்டுன்னு ஏற்கெனவே ஒரு பார்க் இருக்கு. "எந்த ஊரு பார்க்குக்கும் ஒட்டலாம் மாமா இந்தப் பேர, அதான் கோவம்"ங்குறான்.

பக்கத்துல இருந்த என் கூட்டாளிக்கு டீ மூக்குல ஏறிடுச்சு. "கிள்ளான் வரைக்கும் போறதுக்கே பெட்ரோல் காசு எண்ணுற பய நீ. பாரிஸ்காரன் போர்டு மாத்துனா உனக்கு எங்கடா வலிக்குது?"

நானும் சேந்து சிரிச்சேன். வீட்டுக்கு வந்ததும்தான், சிரிச்சிருக்கக் கூடாதுன்னு தோணுச்சு. அதுக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமை இல்லாதவங்க தாண்டிப் போயிடுங்க, கோவிச்சுக்க மாட்டேன்.

மலேசியாவுல எங்க தலைமுறைக்குத் தீம் பார்க்குன்னா மல உச்சில இருக்குற கெந்திங்தான். வேற எதுவும் கண்ணுல படல. நான் முதல் தடவ போனது ரப்பர் தோட்டத்துலேருந்து பஸ் பிடிச்சு. கோயில் கமிட்டிதான் மூணு மாசமா ஆளுக்கு இவ்ளோ வெள்ளின்னு சேத்துச்சு. அம்மா விடியறதுக்கு முன்னாலேயே எலுமிச்சச் சாதம் கிண்டி, நெத்திலி சம்பல தனிப் பொட்டலமா கட்டிட்டாங்க. மல வளைவுல வாந்தி வராம இருக்க பை நெறய ஆசாம் போய், அதான் அந்தக் காஞ்ச புளிப்புப் பழம். குளிர்சட்டை எங்க லயத்துல யாருக்கும் கெடையாது. தொரை பங்களாவுல வேல செஞ்ச ஒரு அக்கா ரெண்டு எரவல் வாங்கித் தந்தாங்க. அத நாங்க அஞ்சு பேரு மாத்தி மாத்திப் போட்டோம்.

அங்க சுங்கை ரெஜாங்னு ஒரு தண்ணி விளையாட்டு இருந்துச்சு. மரக்கட்டை மாதிரி ஒரு படகு, மெதுவா மேல போகும், அப்புறம் தொபுக்குன்னு கீழ விழும். பயமா இருக்குன்னு சொல்லிக்கிட்டே அம்மா ஏறிட்டாங்க. அதுவரைக்கும் நான் பாத்த அம்மா யாருன்னா, காலைல அஞ்சு மணிக்குத் தலைல வெளக்கக் கட்டிக்கிட்டுப் பால்வெட்டப் போறவங்க, மத்தியானம் காண்டா வாளியத் தோள்ல போட்டுக்கிட்டுத் திரும்பி வர்றவங்க. அவங்க வாய்விட்டுக் கத்துனத, கத்தி முடிச்சு சின்னப் பிள்ள மாதிரி சிரிச்சத நான் அன்னிக்குத்தான் பாத்தேன். சேலை முழுக்க நனஞ்சு, பல்லு கிட்டிக்கிட்டு, "இன்னொரு தடவ போலாமா"ன்னு கேட்டாங்க. வரிசை ரொம்ப நீளம், போக முடியல.

கலியாணமாகி வீட்டுக்காரியோட போனப்ப கார்க்ஸ்குரூ, ஸ்பேஸ் ஷாட்டுன்னு பெரிய விளையாட்டுல ஏறி நான் வீரம் காட்டுனது தனிக் கதை. அத அவ எழுதுனாத்தான் சரியா இருக்கும்.

2013 செப்டம்பர்ல அந்த வெளிப்புறப் பூங்காவ மூடுனாங்க. ஃபாக்ஸ் படக் கம்பெனி பேருல, உலகத்துலயே முதல் 20ஆம் செஞ்சுரி ஃபாக்ஸ் வேர்ல்ட் அந்த எடத்துல வருது, 2016ல திறப்போம்னாங்க. என் மருமகன், அதான் அந்த அக்கா மகன், அப்ப ஆரம்பப் பள்ளி. தங்க எழுத்து, வானத்துல சுத்திச் சுத்தி வீசுற விளக்கு, அந்த ஃபாக்ஸ் லோகோவ கணக்கு நோட்டு பின்னட்டைல கலர் பென்சில்ல வரைஞ்சு வச்சிருந்தான். அவன் கூட்டாளிங்க எல்லாம் அப்படித்தான். பார்க் வரல, லோகோ மட்டும் வந்து சேந்துருச்சு.

2016 போச்சு. 2017ம் போச்சு. 2018 நவம்பர்ல கெந்திங், ஃபாக்ஸ் மேலயும் டிஸ்னி மேலயும் அமெரிக்காவுல 100 கோடி டாலருக்கு மேல கேட்டு வழக்குப் போட்டுச்சு. ஃபாக்ஸ டிஸ்னி வாங்கிக்கிட்டு இருந்த நேரம் அது. சூதாட்ட மையம் இருக்குற எடத்தோட சேந்து நிக்க டிஸ்னிக்கு மனசில்ல, அதான் ஒப்பந்தத்த ஒடைக்கப் பாக்குறாங்கன்னு கெந்திங் தரப்பு குற்றஞ்சாட்டுச்சு. 2019 ஜூலைல சமாதானமாகி, கடைசில ஃபாக்ஸ்ங்குற பேரு இல்லாம கெந்திங் ஸ்கைவேர்ல்ட்ஸ்னு 2022 பிப்ரவரி 8ல திறந்தாங்க. உள்ள போனா ஐஸ் ஏஜ் இருக்கு, ரியோ இருக்கு, ரோபோட்ஸ் இருக்கு. எல்லாம் ஃபாக்ஸ் வீட்டுப் பிள்ளைங்க. வாசல்ல அப்பன் பேரு மட்டும் இல்ல.

ஸ்கைவேர்ல்ட்ஸ்ங்குற பேரு வந்தப்ப மருமகன் மூணு நாளு சரியாச் சாப்பிடல. விமானக் கம்பெனி பேரு மாதிரி இருக்காம். இதுல நான் அவன் கட்சி இல்ல. கிட்டத்தட்ட 6,000 அடி ஒசரத்துல, பாதி நாளு மேகத்துக்குள்ள நிக்குற எடத்துக்கு வானத்த வச்சுப் பேரு வைக்கிறதுல என்ன குத்தம்? அதோட ஃபாக்ஸ்ங்குறது வாடகைப் பேரு. 2020 ஜனவரில டிஸ்னியே அந்தப் படக் கம்பெனி பேருலேருந்து ஃபாக்ஸ எடுத்துட்டு, 20ஆம் செஞ்சுரி ஸ்டூடியோஸ்னு ஆக்கிருச்சு. கெந்திங் அந்தப் பேர விடாம வச்சிருந்தா, திறப்பு விழாவுக்கு முன்னாலேயே போர்டு பழசாகியிருக்கும்.

அவன் விடல. "அது சரி மாமா. இந்தப் பேருக்காகத்தானே அந்த கார்க்ஸ்குரூவ மூடுனாங்க. மூடுனதும் திரும்பி வரல, சொன்னதும் வரல. நடுவுல நாங்க ஒம்போது வருஷம் காத்துக் கெடந்தோம்."

எனக்குப் பதில் வரல. லோகோன்னு இவன் சொல்றது வெறும் படத்த இல்லன்னு அப்பத்தான் ஒறச்சுது.

பேரு மாறுறது நமக்கென்ன புதுசா? நம்ம ஊரயே எடுத்துக்குங்க. பத்தாங் பெர்ஜுந்தை 2007ல பெஸ்தாரி ஜெயா ஆச்சு. பழைய பேருக்கு மலாய்ல என்ன அர்த்தம்னு வெளியூர்க்காரன் கேட்டா, தொங்குற மரத்தண்டுன்னு நாம மரியாதையாத்தான் சொல்லுவோம். அவன் வேற ஒண்ண நெனச்சுச் சிரிப்பான். மாத்துனது சரிதான், புதுப் பேரும் கேக்க அழகாத்தான் இருக்கு. ஆனா அம்மா இன்னிக்கும் யாரு கேட்டாலும் "பெர்ஜுந்தை"ம்பாங்க. அடையாளக் கார்டுல என்ன இருக்குன்னு அவங்களுக்குக் கவலை இல்ல.

பக்கத்துலயே தென்னமரம் தோட்டம். 1917ல ஹென்றி ஃபோகோனியேங்குற பிரெஞ்சுக்காரர், இந்த நாட்டுல முதல் முதலா வியாபாரத்துக்குன்னு செம்பனை நட்ட எடம். நட்டது செம்பனை, பேரு தென்னமரம்! இன்னிக்கு ஒரு விளம்பரக் கம்பெனிகிட்ட இந்தப் பேரக் கொண்டு போனா, சரக்குக்கும் பேருக்கும் ஒட்டலன்னு வாசலோட அனுப்பிருப்பான்.

கத்ரி கதை அதவிட வேடிக்கை. 1981 செப்டம்பர்ல லண்டன் பங்குச் சந்தைல ஒரே காலைப் பொழுதுல மலேசியா கைக்கு வந்த தோட்டக் கம்பெனி. 2007ல சைம் டார்பி, கோல்டன் ஹோப்போட ஒண்ணாச் சேந்ததுல பேரு மறைஞ்சுச்சு. 2024ல சைம் டார்பி பிளாண்டேஷன், எஸ்டி கத்ரின்னு பேர மாத்திக்கிச்சு. இத எங்க பக்கத்து வீட்டுத் தாத்தாகிட்ட சொன்னேன். "அப்ப கத்ரி இன்னும் சாகலயா?"ன்னாரு. சொந்தக்காரர விசாரிக்கிற மாதிரியே கேட்டாரு.

நாம போர்டு மாறுனத மட்டுந்தான் பாத்திருக்கோம், மாத்தலாமான்னு யாரும் நம்மகிட்ட வந்து கேட்டதில்ல. அதனாலதான் என் கூட்டாளிக்குச் சிரிப்பு வருது. கேட்டே பழக்கமில்லாதவனுக்கு, என்ன ஏன் கேக்கலன்னு ஒருத்தன் கோவப்படுறது காமெடியாத்தான் தெரியும்.

ஒரே ஒரு தடவ நாடே சேந்து கோவப்பட்டு அது பலிச்சது ஞாபகம் இருக்கா? 2018 ஜனவரில மலேசிய சுற்றுலா ஆண்டு 2020க்குன்னு ஒரு லோகோ விட்டாங்க. ஒராங் உத்தான், மூக்கு நீண்ட கொரங்கு, கூலிங் கிளாஸ் போட்ட ஆமை. மலாய்க்காரர், சீனர், நாம, அத்தன பேரும் ஒத்துமையாச் சிரிச்ச நாளு அது. அமைச்சர் அப்ப விட்டுக் கொடுக்கல. ஆட்சி மாறுச்சு, போட்டி வச்சு, 2019 ஜூலைல செம்பருத்தி, இருவாச்சியெல்லாம் வச்சுப் புது லோகோ வந்துச்சு. நல்ல லோகோ. ஆனா 2020 மார்ச்ல கோவிட்ல நாட்டையே பூட்டிட்டாங்க, அந்த லோகோவப் பாக்க ஒரு சுற்றுப் பயணியும் வரல. பாவம், அந்த ஆமையே இருந்திருக்கலாம்.

நான் மட்டும் என்ன யோக்கியன்? எங்க வட்டாரத்துல ஒரு தமிழ்ப்பள்ளி. தோட்டம் எப்பவோ தாமான், அதான் குடியிருப்பு, ஆயிடுச்சு, பள்ளிப் பேருல மட்டும் தோட்டம்னு அர்த்தம் வர்ற "லாடாங்" நிக்குது. நாட்டுல இப்படி எத்தனையோ தமிழ்ப்பள்ளி, பேருல தோட்டம், சுத்திப் பாத்தா கடவீடும் மேம்பாலமும். சில வருஷத்துக்கு முன்னால பெற்றோர் கூட்டத்துல, "லாடாங்" எடுத்துடலாமான்னு பேச்சு வந்துச்சு. முதல் கை என்னோடது. இடைநிலைப் பள்ளிக்குப் போற பிள்ளைய எந்த ஸ்கூல்லேருந்து வந்தன்னு கேட்டா, அது சொல்றப்ப தலை குனியக் கூடாதுன்னு நெனச்சேன். நான் பட்டது எனக்குத் தெரியும்.

ஒரு தகப்பனாரு புதுச் சின்னமே வரைஞ்சு கொண்டாந்துட்டாரு. தொறந்த புத்தகம், கணினி, மேல ஒரு ராக்கெட்டு. பழைய சின்னத்துல ஒரு ரப்பர் மரம் இருந்துச்சு, கோடு போட்ட பட்டையோட. புதுசுல அது இல்ல. பின்வரிசைல பேரனோட வந்த ஒரு பாட்டி எழுந்து, "அந்த மரத்தச் சீவித்தானப்பா ஒங்களயெல்லாம் படிக்க வச்சோம், அது ஒங்கள என்ன செஞ்சுச்சு?"ன்னு கேட்டுட்டு உக்காந்துட்டாங்க. அப்புறம் ரெண்டு மணி நேரம் கூட்டம் இழுத்துச்சு. கை தூக்கி எண்ணுனாங்க. நான் தோத்தேன்.

இப்பவும் என் எண்ணம் மாறல, எடுத்திருக்கணும்னுதான் சொல்லுவேன். ஆனா தோத்ததுல எனக்கு மனக்கொறை இல்ல. பாட்டிக்கும் பேச எடம் கெடச்சுது, எனக்கும் கெடச்சுது. டீயும் வடையும் வேற போட்டாங்க.

"அது பள்ளிக்கூடம், இது வியாபாரம். அவன் காசு, அவன் பார்க், அவன் பேரு. பிடிக்கலன்னா போகாத"ங்குறான் என் கூட்டாளி. கேக்கறதுக்குச் சரியாத்தான் இருக்கு. ஆனா அதே வியாபாரி அடுத்த விளம்பரத்துல, "உங்கள் குடும்பத்தின் இனிய நினைவுகள்"னு எழுதுவானா மாட்டானா? ஃபுளோரிடாவுல எப்காட்டுன்னு ஒரு டிஸ்னி பார்க். 1982ல எப்காட் சென்டர்னு திறந்தாங்க. 94ல கார் மாடல் மாதிரி வருஷத்த ஒட்டி எப்காட் '94 ஆக்குனாங்க, அடுத்த வருஷம் '95, அப்புறம் வெறும் எப்காட். 2019ல பாத்தா, ஆரம்ப கால எழுத்து மாதிரியே புது லோகோ வந்து நிக்குது. ரசிகருங்க துள்ளிக் குதிச்சாங்க. பழைய சின்னம் போட்ட டி-சட்டையும் விக்குறாங்க. நம்ம ஞாபகத்துக்கு வெல போட்டு நமக்கே விக்கத் தெரிஞ்சவனுக்கு, அதுல நமக்கும் பங்கு இருக்குன்னு மட்டும் தெரியாதா? லாபத்துல ஒண்ணும் கேக்கல. மாத்துறதுக்கு முன்னால காது கொடுன்னுதான் இந்தப் பசங்க கத்துறானுங்க.

கத்துறதுல பாதி அபத்தம், அதயும் சொல்லிடுறேன். எழுத்து வடிவம் ரெண்டு மில்லிமீட்டர் தடிச்சுப் போச்சுன்னு ஒருத்தன் பாடமே எடுக்குறான். பழசுங்குற ஒரே காரணத்துக்காகப் பழசப் பிடிச்சுத் தொங்குறவனும் இருக்கான். பாரிஸ்லயே 1992ல யூரோ டிஸ்னின்னு திறந்தாங்க. யூரோன்னா ஐரோப்பாக்காரனுக்கு வியாபாரம், காசு, கணக்குத்தான் ஞாபகம் வருதுன்னு அப்ப டிஸ்னி தலைவரா இருந்த மைக்கல் ஐஸ்னரே பின்னால ஒத்துக்கிட்டாரு. 1994ல டிஸ்னிலேண்ட் பாரிஸ் ஆச்சு. அன்னிக்குப் பழைய பேரையே பிடிச்சுக்கிட்டு இருந்திருந்தா யாருக்கு என்ன லாபம்?

நேத்து ராத்திரி மருமகன் வந்தான். நான் மன்னிப்பெல்லாம் கேக்கல, எங்க வீட்டுப் பழக்கத்துல அது கெடையாது. வருஷக் கடைசி லீவுல ஸ்கைவேர்ல்ட்ஸ் போலாம், டிக்கெட் நான் போடுறேன்னேன். பெரிய மனுஷன் மாதிரி, "பாக்கலாம் மாமா"ன்னான். ராத்திரியே வீட்டுக் குழுமத்துல எந்த விளையாட்டுக்கு எப்ப வரிசைல நிக்கணும்னு பட்டியல் வந்துருச்சு.

அம்மாகிட்டயும் கேட்டேன். சுங்கை ரெஜாங் இருக்கான்னாங்க. அதெல்லாம் எடுத்து ரொம்ப வருஷமாச்சும்மா, இப்ப புதுசு புதுசா இருக்குன்னேன். கொஞ்ச நேரம் முருங்கக்கீரைய உருவிக்கிட்டே இருந்தாங்க.

"அந்தக் கேபிள் காரு நடுவுல ஒரு சீனக் கோயில்ல நிக்குமே, அது இருக்கா?"

"சின் சுவீ கோயிலா? இருக்கும்மா."

"பேரு மாத்திட்டானுங்களா?"

"இல்லம்மா."

"அப்ப என்னய அங்க எறக்கி விடு. நீங்க மேல போயிட்டு வாங்க."