நட்டத்தையும் எழுதிக் காட்டும் பிள்ளைகள்

சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் ஞாயிறு காலையில் பத்துப் பதினைந்து ஆறாம் படிவப் பிள்ளைகள் கூடுகிறார்கள். பல்கலைக்கழகத்தில் படிக்கும் மூன்று பேர் ஊருக்கு வரும்போதெல்லாம் அவர்களுக்கு வரவு செலவு, சேமிப்பு, பங்குச் சந்தை எல்லாம் சொல்லிக்கொடுக்கிறார்கள். "கோயில்ல வச்சு சூதாட்டம் கத்துக்குடுக்குறாங்கம்மா" என்று ஓர் அண்ணன் போன வாரம் என்னிடம் கோபப்பட்டார். நான் நேரில் போய் உட்கார்ந்து பார்த்தவள். அதனால் எழுதுகிறேன்.

இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண், தான் முதன்முதலில் வாங்கிய பங்கின் கணக்கை வெண்பலகையில் போட்டாள். ஒரு பங்கு 1 வெள்ளி 20 காசு. நம் மலேசியச் சந்தையில் ஒரு லாட் என்றால் 100 பங்கு. ஆக 120 வெள்ளி. வாங்க தரகுக் கட்டணம் 8 வெள்ளி, விற்க இன்னொரு 8. "விலை 13 விழுக்காட்டுக்கு மேல ஏறினாத்தான் என் கைக்காசே எனக்குத் திரும்பும். வாங்குறப்போ இத நான் கணக்குப் போடல" என்றாள். விற்றது 1 வெள்ளி 12 காசுக்கு. மொத்த நட்டம் 24 வெள்ளி. அந்த 24க்கு அடியில் சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டாள்.

முப்பது வருஷம் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்திருக்கிறேன். முதலீடு என்று சொல்லிக்கொண்டு எத்தனையோ பேர் தோட்டத்துக்கு வந்தார்கள். தன் நட்டத்தைக் கூட்டத்தில் சொன்னவர் ஒருவரைக்கூட நான் கண்டதில்லை.

1980களில் மேடைப் பேச்சை நம்பி அம்மாவின் அட்டிகையை அடகு வைத்து அப்பா பங்கு வாங்கினார். அது சந்தையில் பட்டியலிடப்படாத பங்கு, நினைத்த நாளில் விற்க முடியாது என்று அவருக்கு எடுத்துச்சொல்ல ஆளில்லை. பத்திரம் பெட்டியில் கிடந்தது, அட்டிகை மூழ்கிப்போனது.

அதே வீட்டில்தான் பாட்டி மாதம் 10 வெள்ளி கட்டி 100 வெள்ளிப் பங்கு ஒன்றைச் சேர்த்தார். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்று நம்மவர்கள் வேலையும் வீடும் இழந்து நின்ற காலம். 1960இல் நம் ஊர்க்காரர் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்கு அது. பால் வெட்டியவர்களின் பத்துப் பத்து வெள்ளி சேர்ந்து தோட்டங்களையே வாங்கியது. பங்கு என்பது நமக்குப் புதுச் சொல்லா அண்ணே? கூட்டு, அதாவது சீட்டு, பிடிக்காத வீடுதான் நம்மிடம் உண்டா? அதைத் தடை செய்த 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே நம்முடைய 'கூட்டு' என்ற சொல் இருக்கிறது.

அன்றைக்கு ஒரு பையன், பல்கலைக்கழகம் போனால் கிடைக்கும் உயர்கல்விக் கடனைப் பற்றிக் கேட்டான்: "பிடிபிடிஎன் கடன்ல கொஞ்சம் மிச்சம் பிடிச்சுப் பங்கு வாங்கலாமாக்கா?" கணக்குப் போட்டுக் காட்டிய அந்தப் பெண் யோசிக்கவே இல்லை. "வேண்டாம்டா. கடைசி மாசம் மூணு வேளையும் மேகிதான் சாப்பிடுவ. நான் சாப்பிட்டிருக்கேன்." ஈப்போவிலிருந்து கோட்டும் டையும் போட்டு ஓர் ஆலோசகர் வந்திருந்தால் அந்தப் பையன் வாயே திறந்திருக்க மாட்டான். இவள் அடுத்த லயத்துப் பெண். அவன் வீட்டில் எத்தனை பேர் சம்பாதிக்கிறார்கள், எந்த மாதம் கை கடிக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

எனக்கும் பயம் உண்டு. ஒருவன் வாங்கினான் என்று பத்துப் பேர் வாங்கும் வயது இது. "மூணு பேரைச் சேர்த்துவிடு" என்கிற ஏமாற்று வேலையும் கூட்டாளி வழியாகத்தான் வருகிறது. அதனால் அவர்களிடம் மூன்றைக் கண்டிப்பாகக் கேட்டிருக்கிறேன். இன்ன பங்கை வாங்கு என்று யாரும் யாருக்கும் சொல்லக்கூடாது. ஒருவர் காசை இன்னொருவர் கையில் வாங்கக்கூடாது. யாராவது திட்டம் என்று கொண்டுவந்தால், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செக்யூரிட்டிஸ் கமிஷன் வெளியிடும் எச்சரிக்கைப் பட்டியலை முதலில் பார்க்கவேண்டும். ஒப்புக்கொண்டார்கள். மூன்றையும் பலகையின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள், யாரும் அழிப்பதில்லை.

வரும் ஞாயிறு பாடம் இபிஎஃப், அதாவது ஊழியர் சேமநிதி. சம்பளத்தில் பிடிக்கும் 11 விழுக்காடு எங்கே போகிறது, 2024 மே மாதத்திலிருந்து அது ஏன் மூன்று கணக்காகப் பிரிகிறது என்று பிள்ளைகள் விளக்கப்போகிறார்கள். அப்பாமார்களே, உங்கள் அறிக்கையை எடுத்துக்கொண்டு வாருங்கள். காலை பத்து மணி. கோபப்பட்ட அண்ணனுக்கும் நாற்காலி போட்டு வைக்கிறேன்.