தோற்காதவர் அல்லர், தம்பி

அமெரிக்க ஜியு-ஜிட்சு (தரையில் பிடித்துப் பூட்டும் மல்யுத்தம்) வீரர் கோர்டன் ரையனைப் பற்றி, “வாழ்நாளில் தோற்றதே இல்லை” என்று எழுதியிருக்கிறீர்கள், தம்பி. அது தவறு. 2016இல் பிரேசில் வீரர் ஃபெலிப்பே பெனா முதுகில் ஏறிக் கழுத்தை நெரித்தபோது அவர் தட்டிச் சரணடைந்தார். 2017இல் ஏடிசிசி என்ற பெரிய உலகப் பிடிமல்யுத்தப் போட்டியில் 88 கிலோ பிரிவில் தங்கம் வென்றவர்தான். ஆனால் எடைப் பிரிவற்ற இறுதியில் அதே பெனாவிடம் புள்ளிகளில் தோற்றார். 2019 ஏடிசிசியில் எடைப் பிரிவு, எடைப் பிரிவற்றது என இரண்டு தங்கமும் அவருக்கே. 2022இல் பெனாவையும் வீழ்த்திவிட்டார். 2024இல் மீண்டும் ஒருமுறை.

நானும் அவருடைய இரசிகன்தான். ஹட்டன் மழையில் ஈரம் காயாத விரிப்பில் புரளும் எங்கள் பையன்களுக்கு, அவருடைய சங்கிலி போன்ற கால்பூட்டைத்தான் (எதிராளியின் காலைப் பூட்டி முறுக்கும் பிடி) சொல்லிக் கொடுக்கிறேன். அவர்களிடம் பெனாவின் பெயரையும் மறைப்பதில்லை.