கைவிடப்பட்ட மிருகக்காட்சிசாலையை இடிக்கும் முன் அளந்து வையுங்கள்

தருமபுரிப் பக்கம் மொரப்பூரில் ரயிலேறி சென்னை சென்ட்ரலில் இறங்கும் நம்மூர்க்காரர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? ஸ்டேஷனை ஒட்டி, ரிப்பன் மாளிகையும் நேரு விளையாட்டரங்கமும் இருக்கிற அந்தப் பகுதியில்தான் 1860களிலிருந்து 1985 வரை சென்னையின் மிருகக்காட்சிசாலை இருந்தது. 1855இல் எழும்பூர் அருங்காட்சியகத்தின் தலைவர் எட்வர்ட் பால்ஃபர் அந்த வளாகத்திலேயே தொடங்கியது. உயிருள்ள விலங்கைப் பார்க்கக் கூட்டம் அலைமோதுவதைக் கண்டு, ஆற்காட்டு நவாபிடம் பேசி அவர் வளர்த்த விலங்குகளையும் வாங்கி வைத்தார். அடுத்த வருடமே 300க்கு மேல் சேர்ந்துவிட்டது. பிறகு ஸ்டேஷனை ஒட்டிய அந்த இடத்துக்கு, அன்றைய பீப்பிள்ஸ் பார்க்குக்கு, மாறியது. மியூசியம் ‘செத்த காலேஜ்’, இது ‘உயிர் காலேஜ்’ என்று சென்னையில் சொல்லுவார்கள்.

நகரம் நெருக்கியதும் இடம் போதவில்லை. வண்டலூர்க் காட்டில் 1979இல் வேலை தொடங்கி, 1985 ஜூலை 24இல் புதியது திறந்தார்கள். இடம் மாறியது விலங்குகளுக்கு நல்லதுதான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் ஒரு நூற்றாண்டுக்கு மேல் விலங்குகள் வாழ்ந்து செத்த இடத்தில், வந்துபோகும் பயணியின் கண்ணில் படும்படி ஓர் அடையாளம்கூட எனக்குத் தெரிந்து இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் கிரிஃபித் பூங்காவின் பழைய மிருகக்காட்சிசாலை 1912இல் 15 விலங்குகளோடு தொடங்கி 1966இல் மூடப்பட்டது. அங்கே கல் குகைகளையும் கூண்டுகளையும் விட்டுவைத்தார்கள். இன்றைக்கும் மக்கள் உள்ளே நடந்து, அந்தக் காலத்தில் விலங்கை எப்படி அடைத்து வைத்தார்கள் என்று நேரில் பார்க்கிறார்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புலியோடு மோதிச் செத்தவனுக்கு நட்ட கல்லைப் புதரிலிருந்து தேடியெடுத்து, எழுத்தின் மேல் தாளை ஒட்டி மைப்படி எடுத்துப் படிக்கிற மண் இது. புலியை அடைத்த கூண்டுக்கும் அதே அக்கறை வேண்டும் என்பதுதான் என் கட்சி. 1992இல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் வந்த பிறகு, அங்கீகாரம் இல்லாமல் எந்த மிருகக்காட்சிசாலையும் நடத்த முடியாது. அதனால் வசதியில்லாத சின்னச் சின்னவை பல மூடப்பட்டன. காலிக் கூண்டு பூங்கா மூலையில் கிடக்கும், ஒருநாள் ஜேசிபி வரும், அத்தோடு முடிந்தது.

இப்படிக் கைவிட்ட கூண்டுகளைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முன்பக்கக் கம்பியைப் போட்டோ எடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். நீங்கள் பின்பக்கம் போங்கள். விஷயம் அங்கேதான். பராமரிப்பாளர் நடக்கும் ஒடுக்கமான நடை, அதிலிருந்து இழுத்தால் உள்ளே ஏறி இறங்கும் தூக்குக் கதவு, அதன் கம்பிக்கயிறும் எதிர் எடையும், இரவில் அடைக்கும் சின்ன அறை, ஊசி போட விலங்கை ஒரு பக்கமாக நெருக்கும் கூண்டு. அந்த இரவு அறையின் நீள அகலத்தை அளந்தாலே, ஒரு சிறுத்தை எத்தனை அடிக்குள் ராத்திரியைக் கழித்தது என்று தெரிந்துவிடும். கழிவுநீர்க் கால்வாய் எந்தப் பக்கம் சரிகிறது என்றும் பாருங்கள். நடைப்பக்கம் சரிந்தால், ஆள் உள்ளே போகாமலே கழுவியிருக்கலாம். கம்பிக்குப் பதில் அகழி இருந்தால் அது வேறு காலத்து எண்ணம்: ஜெர்மானிய விலங்கு வியாபாரி கார்ல் ஹாகன்பெக் 1907இல் ஹாம்பர்க் அருகே காட்டிய முறை. காலத்தைக் கணிக்க இரும்பு உத்திரத்தின் பக்கவாட்டையும் தடவிப் பாருங்கள், டார்மன் லாங், டாடா என்று தயாரித்த கம்பெனியின் பெயர் புடைத்த எழுத்தில் இருக்கலாம். காரையைச் சாவியால் கீறினால் சுண்ணாம்பு பொடிந்து உதிரும், சிமென்ட் அசையாது.

கம்பியில் சாயவே சாயாதீர்கள். தினமும் கழுவிய தண்ணீரும் மூத்திர உப்பும் தேங்கியதால், கம்பி தரையில் புதைந்த இடத்தில்தான் முதலில் அரித்திருக்கும். மேலே பார்த்தால் திடமாகத் தெரியும், தொட்டால் சட்டத்தோடு சாயும். கூரைக் கான்கிரீட்டும் அப்படியே. உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்து உப்பி, சிமென்ட்டைப் பாளமாகத் தள்ளும். அகழியை உண்ணிச்செடி மூடியிருக்கும், ஆறடிக் கம்பால் தட்டித் தரை இருக்கிறதென்று தெரிந்தபின் அடி வையுங்கள். நம் பக்கத்து வறண்ட கல் இடுக்குகளில் சுருட்டை விரியன் இருக்கும், கை விடாதீர்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். அசையாமல் வைத்து 108க்குச் சொல்லி, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வௌவால் எச்சம் குவிந்த அறையைக் கூட்டிப் பெருக்கக் கூடாது. அந்தத் தூளில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை இருக்கலாம். என்95 முகக்கவசம் இல்லாமல் உள்ளே போகாதீர்கள். தனியாகவும் போகாதீர்கள்.

அளக்க இரண்டு பேர், 30 மீட்டர் டேப், ஒரு மீட்டர் கோல், கிராஃப் தாள், பென்சில் போதும். பேனா மை வியர்வையில் கரையும். நான்கு பக்கத்தோடு இரண்டு மூலைவிட்டத்தையும் கட்டாயம் அளந்துகொள்ளுங்கள். பழைய கட்டடத்தில் மூலைகள் நேராக இருப்பதில்லை, மூலைவிட்டம் இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்து வரையும்போது கோடுகள் மூடாது. செல்போன் திசைகாட்டி இரும்புக் கூண்டருகே தவறாகக் காட்டும், சில மீட்டர் தள்ளி நின்று வடக்கைக் குறியுங்கள். ஒவ்வொரு போட்டோவிலும் அந்த மீட்டர் கோல் விழ வேண்டும். ஜனவரி, பிப்ரவரி சரியான சமயம்: புதர் காய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது.

நகராட்சி இடமென்றால் ஆணையரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். உதிர்ந்த மான் கொம்போ எலும்போ கிடந்தால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள், 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அதை வைத்திருக்க முடியாது. அனுமதிக்குப் போகும்போதே அலுவலகத்தில் தீனிப் பதிவேடும் இறப்புப் பதிவேடும் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை கிலோ இறைச்சி வாங்கினார்கள் என்பது, அங்கே இறைச்சி தின்னும் விலங்கு எத்தனை இருந்தது என்பதை அறிவிப்புப் பலகையைவிடச் சரியாகச் சொல்லும்.

வரைபடத்தை 1:50 அளவில் (ஒரு மீட்டருக்குத் தாளில் 2 சென்டிமீட்டர்) முடித்து மூன்று பிரதி எடுங்கள். ஒன்றை இடத்துக்குச் சொந்தமான அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஒன்று தருமபுரி அருங்காட்சியகத்துக்கு, ஒன்று மாவட்ட நூலகத்துக்கு. அளந்த தேதியையும் அளந்தவர்களின் பெயரையும் தாளின் ஓரத்தில் எழுத மறக்காதீர்கள்.