"அது கூகுளுக்குப் போட்ட சட்டம், தம்பி"

போன மாதம் எனக்குத் தெரிந்த ஒரு தொழிலதிபரிடம் பேசிக்கொண்டிருந்தேன். ரொம்பப் பெரிய ஆளும் இல்லை, சின்ன ஆளும் இல்லை. நாலைந்து வகை உதிரி பாகங்கள் செய்து பெரிய கம்பெனிகளுக்குக் கொடுப்பவர். நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்தோ ஆதிக்கத்தாலோ சந்தையில் போட்டியைக் கெடுக்காமல் தடுக்கும் போட்டிச் சட்டம் பற்றிப் பேச்சு வந்ததும் சிரித்துவிட்டார். "அதெல்லாம் கூகுளுக்குப் போட்ட சட்டம், தம்பி. நம்மள எவன் பார்க்கப் போறான்?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. செய்தியில் வருவது அப்படித்தான். 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா, தேடல் சந்தையில் கூகுள் தன் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காப்பாற்றி வந்தது என்று தீர்ப்பளித்தார். ஆப்பிள் சாதனங்களில் தன் தேடுபொறியே முன்னால் நிற்க வேண்டும் என்பதற்காக 2022-ல் ஆப்பிளுக்கு மட்டும் 2,000 கோடி டாலர் கொடுத்த கதை அந்த வழக்கில்தான் வெளியே வந்தது. 2025 செப்டம்பரில் பரிகாரம் சொல்லும்போது கூகுளின் குரோம் உலாவியை விற்கச் சொல்லவில்லை. பிரத்தியேக ஒப்பந்தங்களுக்குத் தடை போட்டு, சில தேடல் தரவுகளைப் போட்டியாளர்களுக்குக் கொடுக்கச் சொன்னதோடு சரி. ஐரோப்பாவில் டிஜிட்டல் சந்தைகள் சட்டத்தின் கீழ் 2025 ஏப்ரலில் ஆப்பிளுக்கு 50 கோடி யூரோ, மெட்டாவுக்கு 20 கோடி யூரோ அபராதம். இந்தத் தொகைகளைப் படிக்கிறவருக்கு இது யானைகளின் சண்டை என்றுதான் தோன்றும்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. யானை அபராதம் கட்டிவிட்டு மறுநாள் வேலைக்குப் போய்விடும். கடந்த சில ஆண்டுகளில் இந்தச் சட்டம் சத்தமில்லாமல் வந்து நிற்கிற இடம் நடுத்தர நிறுவனங்களின் வாசல். அதுவும் அவர்கள் தப்பு என்றே நினைக்காத விஷயங்களில்.

இந்தியச் சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு நிறுவனம் ஐந்து பொருள் செய்கிறது. அதில் ஒன்றில் மட்டும் போட்டியாளர்களோடு சேர்ந்து விலை பேசிக்கொண்டது. 2017-ல் எக்செல் கிராப் கேர் வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்த ஒரு பொருளின் விற்றுமுதலை, அதாவது மொத்த விற்பனைத் தொகையை வைத்துத்தான் அபராதம் போட வேண்டும் என்றது. நியாயமான பேச்சு. 2023 திருத்தச் சட்டம் அதைப் புரட்டிப்போட்டது. 2024 மார்ச் முதல் அபராதத்தின் உச்சவரம்புக்கு ஐந்து பொருளும் கணக்கு, வெளிநாட்டு விற்பனையும் கணக்கு. விலைக் கூட்டு, அதாவது போட்டியாளர்கள் சேர்ந்து விலை பேசிக்கொள்வது என்றால், அது நீடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் விற்றுமுதலில் 10 சதவீதம் அல்லது லாபத்தைப் போல மூன்று மடங்கு, எது அதிகமோ அதுவரை போகலாம். தொடக்கக் கணக்கு சம்பந்தப்பட்ட பொருளின் விற்றுமுதலில் 30 சதவீதம் வரை என்று இந்தியப் போட்டி ஆணையத்தின் வழிகாட்டுதல் சொல்வது உண்மைதான். ஆனால் வங்கியில் கடன் கேட்டு உட்காரும்போது, அங்கே பார்ப்பது தொடக்கத்தை அல்ல, உச்சவரம்பை.

உலக விற்றுமுதல் கணக்கை எதிர்த்து ஆப்பிள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. அதற்கான வசதி அதனிடம் இருக்கிறது. மற்றவர்களுக்கு? ஆணையத்தின் உத்தரவை எதிர்த்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக, அபராதத்தில் 25 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும் என்பதும் அதே திருத்தத்தில் வந்ததுதான். நடைமுறை மூலதனத்தை உருட்டிப் பிழைக்கிற நிறுவனத்துக்கு, வழக்கு தொடங்கும் முன்பே மூச்சு முட்டிவிடும். இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

அடுத்தது வாட்ஸ்அப் குரூப். சிரிக்காதீர்கள். முன்பெல்லாம் கூட்டு என்றால் ஒரே தொழில் செய்கிறவர்கள் அறைக்குள் உட்கார்ந்து பேசுவது. இப்போது அந்தத் தொழிலில் இல்லாத நடுவாள், அதாவது விநியோகஸ்தர், ஆலோசகர், இணையத் தளம், வாட்ஸ்அப் குரூப் நடத்துகிறவர் யாராக இருந்தாலும், கூட்டுக்குத் துணைபோனால், துணைபோக நினைத்தால்கூட, அவரையும் கூட்டாளியாகவே அனுமானிக்கலாம் என்று 2023 திருத்தம் சொல்கிறது. சக்கரத்தின் ஆரங்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஆனால் எல்லாம் நடுவில் இருக்கிற குடத்தில் வந்துதான் சேர்கின்றன. அந்தக் குடம்தான் இந்த நடுவாள்.

இதில் எனக்கு மறக்காத வழக்கு லிதுவேனியாவினுடையது. பயண முகவர்கள் பலர் ஒரே முன்பதிவு மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். 2009-ல் அந்த மென்பொருளை நடத்துகிறவர் அதன் உள்பெட்டி வழியாக ஒரு செய்தி அனுப்பினார்: இனி தள்ளுபடி 3 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். முகவர்கள் ஒருவரோடொருவர் பேசவே இல்லை. பலர் பதிலும் போடவில்லை. 2016-ல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது: செய்தி அனுப்பப்பட்டது என்பது மட்டும் போதாது, ஆனால் அதைப் பார்த்தபின் பேசாமல் இருந்திருந்தால் உடன்பட்டதாக அனுமானிக்கலாம். தப்பிக்க வேண்டுமானால் 'எனக்கு இதில் சம்பந்தமில்லை' என்று வெளிப்படையாக விலகியிருக்க வேண்டும், அல்லது அதிகாரிகளிடம் சொல்லியிருக்க வேண்டும், அல்லது 3 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து தள்ளுபடி கொடுத்ததைக் காட்ட வேண்டும். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பதைக் கல்யாண வீட்டில்தான் கேட்டிருப்போம். அங்கே நீதிமன்றத்திலேயே கேட்டுவிட்டது.

இப்போது மென்பொருளே விலையும் சொல்கிறது. வாடகை வீட்டு நிறுவனங்களுக்கு விலை பரிந்துரைக்கும் ரியல்பேஜ் மீது அமெரிக்க நீதித் துறை 2024 ஆகஸ்டில் வழக்குப் போட்டது. போட்டியாளர்களின் ரகசியத் தரவை ஒரே பானையில் போட்டுக் கலக்கி, எல்லோருக்கும் அதிலிருந்தே ஊற்றுகிறது என்பதுதான் குற்றச்சாட்டு. 2025 நவம்பரில் சமரசத்துக்கு வந்தார்கள். 'விலையை நான் வைக்கலை, கம்ப்யூட்டர் வைச்சது' என்கிற பதில் இனி ரொம்ப நாள் ஓடாது.

ஆட்களை எடுக்கும் விஷயம் இன்னும் மோசம். 'உன் ஆளை நான் இழுக்க மாட்டேன், என் ஆளை நீ இழுக்காதே' என்பதை முதலாளிகள் நாகரிகம் என்று நினைக்கிறார்கள். டெலிவரி ஹீரோ, குளோவோ என்ற இரண்டு உணவு விநியோக நிறுவனங்களுக்கு ஐரோப்பிய ஆணையம் 2025 ஜூனில் 32.9 கோடி யூரோ அபராதம் போட்டது. குற்றங்களில் ஒன்று இதே நாகரிகம். தொழிலாளர் சந்தையில் கூட்டு வைத்ததற்காக அந்த ஆணையம் தண்டித்தது அதுவே முதல் தடவை. இந்த ஒரு மாற்றத்தை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். சம்பளம் கூடக் கிடைக்கும் இடத்துக்கு ஒருவர் போவதைத் தடுக்க இரண்டு முதலாளிகள் கைகுலுக்குவதில் என்ன நாகரிகம்?

ஆனால் எல்லாவற்றையும் வரவேற்க முடியவில்லை. ஆண்ட்ராய்டு டிவி விவகாரத்தில் 2025 ஏப்ரலில் கூகுள் 20.24 கோடி ரூபாய் கட்டி, புதிய ஏற்பாட்டின் கீழ் இந்தியாவின் முதல் சமரசத்தை முடித்துக்கொண்டது. அந்தச் சமரச வழி சந்தையில் தன் ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துகிறவர்களுக்குத் திறந்திருக்கிறது. விலைக் கூட்டில் சிக்குகிறவர்களுக்கு இல்லை. விலைக் கூட்டு கொடிய குற்றம், அதனால் சமரசம் கூடாது என்ற வாதம் எனக்குப் புரிகிறது. நடைமுறையில் பார்த்தால், பெரியவர்கள் செய்கிற தவறுக்குப் பேரம் உண்டு, நடுத்தரக்காரர்கள் கும்பலாகச் செய்கிற தவறுக்கு ஓட்டப்பந்தயம்தான் உண்டு. ஓட்டப்பந்தயம் என்று சும்மா சொல்லவில்லை. இந்தியப் போட்டி ஆணையத்திடம் முதலில் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறவருக்கு அபராதம் முழுவதுமே தள்ளுபடி ஆகலாம். இரண்டாவது ஆளுக்கு 50 சதவீதம் வரை, மூன்றாவது ஆளுக்கு 30 வரை. குரூப்பில் இருக்கிற பதினைந்து பேரில் யார் முதலில் ஓடுவார் என்பது மற்ற பதினாலு பேருக்கும் தெரியாது.

இதையெல்லாம் நான் அன்றைக்கு அந்த அண்ணனிடம் சொன்னேன். தலையாட்டினார், நம்பிய மாதிரி தெரியவில்லை. முந்தாநாள் போன் செய்தார். அவர்கள் தொழில்காரர்கள் எல்லோருக்கும் மூலப்பொருள் கொடுக்கிறவர் நடத்துகிற குரூப்பில், 'அடுத்த மாதத்திலிருந்து எல்லாரும் ரேட்டை ஏத்திடலாம்' என்று ஒரு செய்தி வந்ததாம்.

"பார்த்ததும் குரூப்ப விட்டு வெளியே வந்துட்டேன், தம்பி. போதும்ல?"

"ஏதாவது எழுதிட்டு வந்தீங்களா அண்ணே?"

"இல்ல, சும்மா வந்துட்டேன்."

"அந்தச் செய்தியப் பார்த்ததுக்கு ரெண்டு நீல டிக் விழுந்திருக்குமே?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "சரி, என்ன எழுதணும்னு சொல்லு" என்றார்.