தானே பிழைத்துக்கொள்ளாது
வளர்ப்பு எலியை வெளியே விட்டால் தானே பிழைத்துக்கொள்ளும் என்று கட்டுரையில் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. போன வருடம் பினாங்கு ஜெலுத்தோங்கில், எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே குப்பைத்தொட்டி ஓரம் ஒரு சப்பாத்துப் பெட்டியில் இரண்டு வெள்ளை எலிகள் கிடந்தன. காகம் கொத்த வந்தும் ஓடத் தெரியவில்லை. கையை நீட்டியதும் ஏறிக்கொண்டன, பாவம். பிறந்ததிலிருந்து மனிதர் கையில் தின்றவை, சாக்கடை எலிகளோடு எப்படிப் போட்டியிடும்? எடுத்து வளர்ப்பவர்கள் ஆணையும் பெண்ணையும் முதல் நாளே பிரித்துவிடுங்கள். கர்ப்பகாலம் 21 முதல் 23 நாள்தான். குட்டிகளே 5 வாரத்தில் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். இது தெரியாமல் இருந்த எங்கள் வீட்டில் மூன்றாம் வாரம் 9 குட்டிகள்! மேலே கருத்து எழுதிய ஒருவர் கூண்டில் மரத்தூள் போடச் சொல்கிறார். பதப்படுத்தாத பைன் மரத்தூள் அவற்றின் மூச்சைக் கெடுக்கலாம், கிழித்த காகிதம் போதும்.