ஜெபக்குறிப்பில் சர்க்கரை நோய், ஆலய வாசலில் சீனிக் காப்பி

போன ஞாயிறு எங்கள் சபையில் வாசிக்கப்பட்ட ஜெபக்குறிப்புகள் பதினான்கு. அவற்றில் எட்டு, சர்க்கரை நோயைச் சுற்றியே இருந்தன. ஒருவருக்குக் கால் புண் ஆறவில்லை. ஒருவருக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். ஒரு தம்பிக்கு 34 வயதிலேயே சர்க்கரை கண்டிருக்கிறது. எல்லோருக்காகவும் முழங்காற்படியிட்டு ஜெபித்தோம். ஆசீர்வாதம் கூறி முடிந்து வெளியே வந்தால், வேப்பமரத்தடியில் மேஜை. பாகு போல இனிக்கும் காப்பி, கிரீம் பிஸ்கட், யாரோ ஒருவரின் திருமண நாளுக்காக நெய் மிதக்கும் கேசரி. கால் புண்ணுக்கு ஜெபம் கேட்ட அந்த அண்ணன் கையிலும் ஒரு தட்டு வந்து சேர்ந்தது. கொடுத்தவன் நான்தான். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம் சரீரம் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை மனப்பாட வசனமாகச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அந்த வசனத்தைப் புகைபிடிப்பதற்கும் குடிப்பதற்கும் எதிராக மட்டும் எடுத்து வீசுகிறோம். நம் இலைக்கும் தட்டுக்கும் அது பொருந்தும் என்று பிரசங்க பீடத்திலிருந்து யாராவது சொல்லி நான் கேட்டதில்லை. சொல்ல வேண்டிய காலம் வந்துவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் துணையோடு நடந்த பெரிய ஆய்வு 2023-இல் வெளிவந்தபோது, நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், இன்னும் 13 கோடிப் பேர் அதன் விளிம்பில் என்று கணக்குச் சொன்னது. நம் வீடுகளும் அந்தக் கணக்கில்தான் இருக்கின்றன.

என் தாத்தா பனையேறி. திருச்செந்தூர்ப் பக்கம், செம்மண் தேரிக்காட்டு ஊர். விடியுமுன் எழுந்து, ஒரு சங்கீதத்தை முணுமுணுத்துக்கொண்டே காலில் தளையை மாட்டுவார். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை அத்தனை மரங்களும் ஏறி இறங்குவார். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் பதநீர். தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். அந்தச் சுண்ணாம்பை அவர் விரலால் சுற்றித் தடவும் விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஓர் இடம் விடமாட்டார். பனையோலைப் பட்டையில் அவர் ஊற்றித் தரும் பதநீரில் ஓலை மணமும் இலேசான சுண்ணாம்பு வாடையும் இருக்கும். மதியம் கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும். இரவு எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம், அதோடு விளக்கை அணைத்துப் படுக்கை. ஞாயிற்றுக்கிழமை மரம் ஏறமாட்டார். பதநீர் காலத்தில் ஒரு நாள் ஏறாவிட்டால் நட்டம் என்று தெரிந்தும் ஏறமாட்டார்.

இதைச் சொன்னதும் "அப்படியானால் கருப்பட்டிக்கு மாறிவிடலாம்" என்று சிலர் புறப்பட்டுவிடுவார்கள். தயவுசெய்து வேண்டாம். கருப்பட்டியும் இனிப்புதான், சர்க்கரை நோயாளியின் இரத்தத்தில் அதுவும் அளவை ஏற்றும். தாத்தா கருப்பட்டி சாப்பிட்டார் என்பது பாதி உண்மை. காலையும் மாலையும் பனை ஏறினார் என்பது மீதி. நாற்காலியில் பத்து மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, இயற்கை உணவு என்ற பெயரில் கருப்பட்டி மைசூர்பாகு வாங்கித் தின்றால் அந்த வாழ்க்கை திரும்பிவிடாது. கேழ்வரகும் அப்படியே. அதில் கால்சியம் நிறைய உண்டு, நல்ல தானியம். ஆனால் மாவாக அரைத்து நீர்க்கக் காய்ச்சிச் சொம்பு சொம்பாகக் குடித்தால் அதுவும் சர்க்கரையை ஏற்றிவிடும். அளவோடு, கீரையும் பயறும் மீனும் கூட வைத்துச் சாப்பிட வேண்டும்.

வேதத்தைத் திறந்தால் ஆண்டவர் உணவைச் சின்ன விஷயமாக எண்ணியதே இல்லை. யவீருவின் மகளை உயிரோடு எழுப்பிய கையோடு அவர் சொன்னது என்ன? அவளுக்கு ஆகாரம் கொடுங்கள் என்பதுதான். அந்த வீட்டில் அத்தனை பேரும் பிரமித்து நின்றபோது, பிள்ளைக்குப் பசிக்குமே என்று நினைத்தவர் அவர் ஒருவரே. சாக வேண்டும் என்று சூரைச்செடியின்கீழ் படுத்துவிட்ட எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் முதலில் உபதேசம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் கொடுத்தான். எலியா தின்றான், குடித்தான், மறுபடியும் தூங்கினான். இரண்டாம் முறையும் தூதன் வந்து தட்டியெழுப்பிச் சாப்பிடச் சொன்னான். அதன் பிறகுதான் ஓரேபுக்குப் பயணம். மனம் சோர்ந்து உட்கார்ந்திருப்பவர்களிடம் "உங்கள் விசுவாசம் போதாது" என்று சொல்லும் ஊழியக்காரர்கள் இந்த அதிகாரத்தை ஒரு முறை நிதானமாக வாசிக்க வேண்டும். சோர்ந்திருப்பவர்களுக்கு முதலில் தேவை ஒரு வேளை நல்ல சாப்பாடும் ஓர் இரவு முழுத் தூக்கமுமாக இருக்கலாம்.

இனி மிகவும் வலிக்கும் ஒன்று. என் சித்தி ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போய்வந்து இன்சுலின் ஊசியை நிறுத்திவிட்டார். "மருந்து எடுத்தால் அவிசுவாசம்" என்று மேடையில் சொன்னார்களாம். மூன்று மாதம் கழித்துக் காலில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. சித்தியின் விசுவாசத்தில் எந்தக் குறையும் இல்லை. மேடையில் பேசியவர் செய்தது பாவம். எசேக்கியா ராஜா சாகும் நிலையில் நோயுற்று அழுது ஜெபித்தபோது ஆண்டவர் அவன் ஆயுசைப் பதினைந்து வருஷம் கூட்டினார். அதே வேளையில் ஏசாயா தீர்க்கதரிசி அவன் பிளவையின்மேல் (கட்டியின்மேல்) அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொன்னார். ஜெபமும் மருந்தும் ஒரே அதிகாரத்தில் இருக்கின்றன. சுவிசேஷம் எழுதிய லூக்காவைப் பவுல் "பிரியமான வைத்தியன்" என்று அழைத்தார். வைத்தியத்தை விட்டுவிடு என்று அவரிடம் சொன்னதாக எங்கும் இல்லை. 1900-இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய மருத்துவப்பணி இன்று எவ்வளவு பெரிய ஆலமரமாக நிற்கிறது! அவரைவிட நமக்கு விசுவாசம் அதிகமா? ஊசியையோ மாத்திரையையோ நிறுத்தவும் குறைக்கவும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ஈஸ்டருக்கு முந்திய உபவாச நாட்களான லெந்து நாட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாற்பது நாள் கறி மீன் தொடமாட்டோம் என்கிறோம். அந்த இடத்தில் எண்ணெயில் பொரித்த அப்பளமும் வடையும் உருளைக்கிழங்கு வறுவலும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. சாளை மீன் குழம்பை விலக்கிவிட்டு வடையைத் தின்பதில் சரீரத்துக்கும் நன்மையில்லை, ஒடுக்கமும் இல்லை. தானியேலும் நண்பர்களும் ராஜாவின் போஜனத்தை மறுத்துப் பத்து நாள் கேட்டது பருப்பு முதலான மரக்கறிகளும் தண்ணீரும். இந்த லெந்தில் சீனியை விட்டுப் பாருங்கள். நாளுக்கு ஆறு தேக்கரண்டிக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் காப்பி, பிஸ்கட், கேசரி எல்லாம் சேர்ந்தால் ஆலய வாசலிலேயே அந்த ஆறும் தீர்ந்துவிடும். கறிக்கு ஏங்கியதைவிடச் சீனிக்கு எவ்வளவு ஏங்குகிறோம் என்பது மூன்றாம் நாளே தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்தது.

இதையெல்லாம் எழுதி எங்கள் சபைப் போதகர் ஐயரிடமும் பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமாரிடமும் கொடுத்தேன். கோபப்படுவார்கள் என்று பயந்திருந்தேன். ஓர் அக்கா மட்டும், "தம்பி, அந்தக் காலத்தில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி ஆலயத்துக்கென்று எடுத்து வைப்போம். இப்போது ஒரு பிடிப் பயறு எடுத்து வைக்கிறோம், போதுமா?" என்றார். வருகிற ஞாயிறு முதல் மரத்தடியில் சீனி போடாத சுக்குமல்லிக் காப்பியும், அந்தப் பயற்றில் செய்த சுண்டலும். சீனி வேண்டுபவர்களுக்குத் தனிக் கிண்ணத்தில் இருக்கும். யாரையும் கட்டாயப்படுத்தப் போவதில்லை. சுண்டல் தின்றுவிட்டுக் கல்லறைத் தோட்டம் வரை சேர்ந்து நடந்துவரலாம் என்றும் பேசியிருக்கிறோம், போய்வரப் பதினைந்து நிமிடம். கால் புண் அண்ணனால் இப்போதைக்கு நடக்க முடியாது. அவரோடு நான் மரத்தடியில் உட்கார்ந்திருப்பேன்.