வேலிக்கு வெளியே நின்றவர்களின் கணக்கு

மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு இறக்கைகள் கொண்ட பழைய இரட்டை இறக்கை விமானமோ, பழைய போர் ஜெட் விமானமோ வீதியில் போன வாகனங்களின் மீது விழுந்து ஆட்கள் இறந்தார்கள் என்ற செய்தி எப்போதாவது வரும்போது, நம்முடைய பேச்சு பெரும்பாலும் இரண்டு பேரைச் சுற்றியே நடக்கிறது. ஒருவர் விமானத்தை ஓட்டியவர், மற்றவர் அதைப் பார்க்க வந்தவர். அந்த இருவரோடும் எந்தச் சம்பந்தமும் இல்லாமல், தன் பாட்டில் அந்த வீதியால் போய்க்கொண்டிருந்தவரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. நான் எழுத நினைப்பது அவரைப் பற்றியே.

இந்த விடயத்தில் மிக விரிவாக ஆராயப்பட்ட விபத்து இங்கிலாந்தின் ஷோர்ஹமில் நடந்தது. அது இரட்டை இறக்கை விமானமல்ல, 1950களின் ஹோக்கர் ஹன்டர் ஜெட். 2015 ஆகஸ்ட் 22, சனிக்கிழமை, மேற்கு சசெக்ஸ் பகுதியிலுள்ள ஷோர்ஹம் விமான நிலையத்தில் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. அந்த ஜெட் மேலெழுந்து, உச்சியில் திசை மாறி, மறுபடி கீழிறங்கி நிமிர வேண்டிய ஒரு கரணத்தை அடித்தது; நிமிர்வதற்குப் போதிய உயரம் இல்லாததால் விமான நிலையத்தை ஒட்டிச் செல்லும் ஏ27 நெடுஞ்சாலையில் விழுந்து வெடித்தது. பதினொரு பேர் இறந்தார்கள். விமானி படுகாயங்களோடு உயிர் தப்பினார்.

இறந்த பதினொரு பேரில் ஒருவர்கூடக் கண்காட்சி மைதானத்துக்குள் இருந்தவரல்ல என்பதை ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டும். உள்ளூர் உதைபந்தாட்டக் கழகமொன்றின் இளம் வீரர்கள் இருவர் போட்டிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவர் மணப்பெண்ணை ஏற்றுவதற்காகத் திருமணக் காரை ஓட்டிக்கொண்டு போனவர். மோட்டார் சைக்கிளில் வந்தவரும் இருந்தார், வீதியோரமாக நின்று வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவர்களும் இருந்தார்கள். சீட்டு வாங்கி உள்ளே அமர்ந்திருந்த ஆயிரக்கணக்கானோருக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. அது தற்செயல் அல்ல. கண்காட்சி விமானங்கள் பார்வையாளர் கூட்டத்திலிருந்து எவ்வளவு தூரம் தள்ளிப் பறக்க வேண்டும், எந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது என்றெல்லாம் பல பத்தாண்டுகளாகச் செதுக்கி வைத்த விதிகள் அன்றைக்குத் தம் வேலையைச் சரியாகவே செய்தன. கூட்டத்தை விட்டு விலக்கிய ஆபத்தை அந்த விதிகள் எங்கே கொண்டுபோய் வைத்தன என்பதுதான் என் கேள்வி. அது நெடுஞ்சாலைக்கு மேலே போய் நின்றது.

நம் கோயில் திருவிழாவில் வாணம் விடும்போது கயிறு கட்டிச் சனத்தைத் தள்ளி நிறுத்துவார்கள். எரிந்த வாணத்தின் குச்சி போய் விழுவது பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் யாரோ ஒருவருடைய கிடுகு வேலியில். கயிற்றுக்குள் நின்றவருக்கு ஒன்றுமில்லை, கயிறு எதற்கென்றே தெரியாதவருக்குத்தான் நட்டம். ஷோர்ஹமில் நடந்ததும் இதுவே.

பிரித்தானியாவின் விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவு 2017 மார்ச் மாதத்தில் வெளியிட்ட இறுதி அறிக்கையின் எண்களைப் பார்த்தால் மனம் பதறும். அந்தக் கரணத்தின் உச்சியில் குறைந்தபட்சம் 3,500 அடி உயரம் இருந்திருக்க வேண்டும்; இருந்ததோ ஏறக்குறைய 2,700 அடி. வேகமும் போதவில்லை. உச்சியைத் தாண்டிய பின்னரும் நான்கு விநாடி வரை விமானத்தை நேராகப் புரட்டித் தப்பியிருக்க முடியும் என்றும், விமானி தான் ஓட்டிப் பழகிய வேறொரு வகை விமானத்துக்குரிய எண்களை அந்த நேரத்தில் நினைவில் கொண்டுவந்திருக்கக்கூடும் என்றும் அறிக்கை சொல்கிறது. அவர் கற்றுக்குட்டி அல்ல. அரச விமானப்படையில் பறந்தவர், பின்னர் பயணிகள் விமானம் ஓட்டியவர். ஆனால் என்னை அதிகம் உறுத்தியது வேறொன்று. அந்த விமானம் எந்த இடத்தில் என்ன கரணம் அடிக்கப் போகிறது என்ற விவரம் கண்காட்சியை நடத்தியவர்களின் கையிலேயே இருக்கவில்லை. அது தெரியாமல், கீழே உள்ள வீதிச் சந்திக்கு என்ன ஆபத்து என்று எப்படிக் கணக்கிட்டிருக்க முடியும்?

வழக்கின் கதையையும் சொல்ல வேண்டும். 2019 மார்ச்சில் லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தின் ஜூரிமார், பாரதூரமான கவலையீனத்தால் மரணம் விளைவித்ததான பதினொரு குற்றச்சாட்டுகளிலிருந்தும் விமானியை விடுதலை செய்தார்கள். 2022 டிசம்பரில் முடிந்த மரண விசாரணையோ அந்தப் பதினொரு பேரும் சட்டத்துக்கு மாறாகக் கொல்லப்பட்டார்கள் என்று தீர்மானித்தது. இது முரண்பாடாகத் தெரியும். ஆனால் குற்றவியல் நீதிமன்றம் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபணம் கேட்கிறது, மரண விசாரணைக்கு நடந்திருக்கவே கூடுதல் சாத்தியம் என்ற அளவு போதும். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் இந்த இரண்டு முடிவுகளையும் கேட்பதற்கு ஏழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது என்பது மட்டும் எந்த விளக்கத்தாலும் எனக்குச் செரிக்கவில்லை.

ஆபத்து ஜெட் விமானங்களோடு மட்டும்தானே, பழைய இரட்டை இறக்கை விமானங்கள் மெதுவானவை, பாரமற்றவை, அவற்றையும் ஏன் சேர்த்துப் பேச வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. 1931இல் முதன்முதலாகப் பறந்த டைகர் மொத் விமானத்தை எடுத்துக்கொள்வோம். மரமும் உலோகக் குழாயும் துணியும் சேர்த்துச் செய்த உடல், ஆளோடும் எரிபொருளோடும் சேர்த்து ஆயிரம் கிலோவுக்குள் அடங்கும் எடை. இதெல்லாம் உண்மைதான். ஆனால் அதன் வால் தாழ்ந்து மூக்கு உயர்ந்திருக்கும். தனியாக ஓட்டுபவர் பின் இருக்கையில்தான் அமர வேண்டும். தரையில் ஓடும்போது முன்னால் என்ன இருக்கிறது என்று அவருக்கு நேரே தெரியாததால், இடமும் வலமுமாக வளைத்து வளைத்துத்தான் ஓட்டுவார். தரையிறங்குவதற்காக மூக்கை உயர்த்தும் நேரத்தில், ஓடுபாதையின் நுனியில் வீதி ஒன்று குறுக்கிட்டால், அதில் வரும் லொறி அவருடைய என்ஜினுக்கும் கீழ் இறக்கைக்கும் பின்னால் மறைந்துபோகும். லொறிச் சாரதிக்கோ பின்னாலும் மேலிருந்தும் வருவது எதுவும் தெரியாது. மெதுவான விமானம் என்பதும் ஒப்பீட்டில்தான். மோட்டார் சைக்கிளில் வருபவருக்கு அது மணிக்கு எண்பது கிலோமீற்றரில் வந்து மோதும் சிறிய காருக்குச் சமம், சுழலும் விசிறியோடு. 1938 ஜூலை 24 அன்று கொலம்பியாவின் பொகோட்டாவில் நடந்த விமானக் காட்சியில் ஐம்பதுக்கும் மேற்பட்டோரைப் பலியெடுத்ததும் ஓர் இரட்டை இறக்கை விமானமே. அந்தக் காலத்தில் அது பழையதுகூட அல்ல.

பழைய விமானங்களைப் பறக்கவே விடக்கூடாது என்பது என் கட்சியல்ல. அவற்றைப் பேணுபவர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் ஒருவருடைய ஆசையின் ஆபத்தை, அந்த ஆசையே இல்லாத இன்னொருவர் சுமக்கிறார் என்றால், அவரைக் கேட்டிருக்க வேண்டும், அல்லது அவர் அந்த நேரத்தில் அங்கே இல்லாதபடி ஏற்பாடு செய்திருக்க வேண்டும். ஷோர்ஹமுக்குப் பின்னர் பிரித்தானியாவில் தரைக்கு மேலே பழைய ஜெட் விமானங்களின் கரணங்கள் கட்டுப்படுத்தப்பட்டன. அந்நாட்டு விமானப்படையின் புகழ்பெற்ற சாகச அணியான ரெட் அரோஸ்கூட, சுற்றிலும் குடியிருப்புகளும் வீதிகளும் நெருக்கமாகிவிட்ட ஃபார்ன்பரோ விமானக் கண்காட்சியில் தன் முழுச் சாகசக் காட்சியை நிறுத்திக்கொண்டது. காட்சியின் சுவை போய்விட்டதென்று முணுமுணுத்தவர்கள் அங்கேயும் இருந்தார்கள்தான்.

இதை மட்டக்களப்பிலிருந்து ஏன் எழுத வேண்டும் என்றால், எங்களுக்கும் ஓடுபாதை உண்டு, வீதியும் உண்டு. 1958இல் தொடங்கிய எங்கள் விமான நிலையம் 1983இல் விமானப்படையின் கைக்குப் போய், 2018இல் சிவில் போக்குவரத்துக்காக மீண்டும் திறக்கப்பட்டது. நகரத்தை ஒட்டி, வாவிக்கரையில் இருக்கிறது. ஒரு காலத்தில் ஹெலியின் சத்தம் கேட்டால் வீட்டுக்குள் ஓடியவர்கள் நாங்கள். இப்போது அதே சத்தத்துக்கு மோட்டார் சைக்கிளை வீதியோரமாக நிறுத்துகிறோம். முன்னால் பெற்றோல் தாங்கியில் இருக்கும் பிள்ளை கையை நீட்டும், பின்னால் இருக்கும் மனைவி கைபேசியை உயர்த்துவார், அதற்குப் பின்னால் முச்சக்கர வண்டியும் நிற்கும், ஐந்து நிமிடத்தில் அங்கே ஒரு கூட்டம் சேர்ந்துவிடும். ஓசியில் பார்க்க வந்து செத்தார்கள் என்று ஷோர்ஹமில் வீதியோரம் நின்றவர்களைப் பற்றி யாராவது சொன்னால், எனக்குக் கோபம் வருகிறது. வானத்தைப் பார்ப்பதற்குச் சீட்டு எதற்கு?

அம்பாறைப் பக்கமோ இன்னும் சிக்கல். அறுவடைக் காலத்தில் சில இடங்களில் வீதியின் ஒரு பாதியில் நெல் காயும், மற்றப் பாதியில் பஸ்ஸும் உழவு இயந்திரமும் முட்டிக்கொண்டு நிற்கும். மேலிருந்து ஏதாவது வந்தால் ஒதுங்குவதற்கு ஓர் அடி இடம் இருக்காது. நம் நாட்டு விமானங்கள் விழுவதில்லை என்று சொல்லவும் முடியாது: 2020 டிசம்பரில் கந்தளாயிலும் 2023 ஓகஸ்டில் சீனக்குடாவிலும் விமானப்படையின் பயிற்சி விமானங்கள் விழுந்து, அவற்றில் இருந்தவர்கள் இறந்தார்கள். 2021 மார்ச்சில் விமானப்படையின் எழுபதாவது ஆண்டு நிறைவுக்குக் காலிமுகத்திடலுக்கு மேலே இந்திய விமானப்படையின் சூர்யகிரண் அணி சாகசம் காட்டியது. நாளைக்கு அப்படியொரு காட்சி கல்லடிக் கடற்கரைக்கு வந்தால் நானும் பார்க்கப் போவேன், அதில் சந்தேகமே வேண்டாம்.

ஆனால் அதற்கு முன்னர் மாவட்டச் செயலகத்தில் ஒரு கேள்வி கேட்பேன். வானம் சிவில் விமானச் சேவைகள் அதிகார சபையின் பொறுப்பு, ஓடுபாதையில் விமானப்படை நிற்கிறது, பெருந்தெரு வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது, போக்குவரத்து பொலிஸாரின் கையில், கடற்கரை மாநகர சபையின் எல்லைக்குள். காட்சி நடக்கும் அந்த அரை மணி நேரத்துக்குக் கல்லடிப் பாலத்திலும் கல்முனை வீதியிலும் வாகனங்களை மறிக்கும் அதிகாரம் இவர்களில் யாருக்கு, அந்தக் கட்டளையை எழுத்தில் கொடுக்கப் போவது யார், மறித்த வீதியின் அந்தப் பக்கத்தில் நிற்கும் அம்புலன்ஸ் போதனா வைத்தியசாலைக்கு எந்த வழியால் போகும்? ஏதாவது நடந்துவிட்டால் நம் தண்டனைச் சட்டக் கோவையின் 298ஆம் பிரிவு, கவலையீனத்தால் மரணம் விளைவித்தவருக்கு ஐந்து ஆண்டு வரை சிறை என்று சொல்கிறது. அந்தப் பிரிவைக் கையிலெடுப்பதற்குக்கூட, கவனமாக இருந்திருக்க வேண்டியவர் யார் என்று முதலில் காட்டியாக வேண்டும். அந்தப் பெயரைக் காட்சிக்கு முன்னரே, அனுமதிக் கடிதத்திலேயே எழுதி வைக்கச் சொல்லித்தான் கேட்கிறேன்.